சிறுகாயலின் தூதும் ராஜாவின் பகல் சாப்பாடும்

முன்னொரு காலத்தில், கடலையே பார்த்திராத ஒரு ராஜாவுக்குக் கடல் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. யாரோ ஒரு வியாபாரி காணிக்கையாக வைத்துவிட்டுப் போன சங்கை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். உள்ளே இரைந்தது.

"இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?" என்றார்.

"கடலிலிருந்து, மகாராஜா."

"அது நம்முடையதா?"

சபை தரையைப் பார்த்தது.

ராஜாவின் பெயர் விசயதுங்கன். அவருக்கு மலை இருந்தது, காடு இருந்தது, கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல் இருந்தது. கடல் மட்டும் இல்லை. கடலுக்கும் அவருக்கும் நடுவில் சிறுகாயல் என்று ஒரு நாடு கிடந்தது. காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் அதைச் சுற்றி வந்துவிடலாம். ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரம் அங்கேதான் இருந்தது. அரையர் என்பவர் அதை ஆண்டு வந்தார். வழக்கு வராத நேரத்தில் அவரும் மற்றவர்களைப் போல உட்கார்ந்து வலை பின்னுவார்.

"முகத்துவாரத்தை எனக்கு விட்டுவிடுங்கள்" என்று ராஜா சொல்லியனுப்பினார். அதற்குப் பதில் கொண்டு சிறுகாயலிலிருந்து பவளநாச்சி என்ற அம்மாள் தூது வந்தார். வெயிலில் கறுத்த, கட்டையான உருவம். சபையில் அவருக்கு ஆசனம் போடவில்லை. நின்றபடியே சொன்னார்.

"முடியாதுன்னு சொல்லிட்டு வரச் சொன்னாங்க."

ராஜா காத்திருந்தார். மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. "அவ்வளவுதானா?" என்றார்.

"மரியாதையோட சொல்லணும்னு சொன்னாங்க. மறந்துட்டேன். வணக்கம்."

தூணோரம் உட்கார்ந்திருந்த வெண்காடன் சிரித்துவிட்டான். வெண்காடன் அந்தச் சபையின் விகடன். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. ஆனால் அன்றைக்கு அவன் ஒருவன்தான் சிரித்தான். சபை முழுவதும் அவனைத் திரும்பிப் பார்த்தது. அமைச்சர் மாராயர் எல்லாரையும்விடச் சற்று அதிக நேரம் பார்த்தார். தாம் மூன்று நாள் யோசித்துச் சொல்லும் ஆலோசனைக்குக் கொட்டாவி விடுகிற ராஜா, இந்தப் பயல் மூக்கைச் சொறிந்தால்கூட முதுகில் தட்டிக் கொடுக்கிறாரே என்று மாராயருக்கு வெகுகாலமாக வயிற்றெரிச்சல்.

மாராயர் எழுந்தார். நீதிநூல்களைக் கரைத்துக் குடித்தவர் அவர்.

"மகாராஜா, தூதரைத் தொடலாகாது என்பது எல்லா ராஜாக்களும் ஒப்புக்கொண்டு நடக்கிற வழக்கம். நாமும் அதை ஒப்புக்கொண்டவர்களே. ஆனால் தூது என்பது ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அனுப்புவது. சிறுகாயல் ஒரு நாடா என்று முதலில் பார்க்க வேண்டும். நாடு என்றால் அதற்கென்று நிலம் இருக்க வேண்டும். நிலத்தில் குடிகள் இருக்க வேண்டும். குடிகளை ஆள ஓர் அரசு இருக்க வேண்டும். பிற நாடுகளோடு தன் பெயரில் பேசித் தீர்க்கும் தகுதி இருக்க வேண்டும். சிறுகாயலுக்கு இதில் எது இருக்கிறது? அது தங்கள் பாட்டனாரின் யானைகள் மேய்ந்த மண். அங்கே இருப்பவர்கள் தங்கள் குடிகள்; அது அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வலை பின்னுகிறவன் அரசனாக முடியாது. ஆகவே இந்த அம்மாள் தூதருமல்ல. ராஜாவின் கட்டளையைச் சபையில் மறுத்த குடிமகள். அதற்கு யானைக்காலில் மிதிபடுவதுதான் தண்டனை."

ராஜாவின் முகம் மலர்ந்தது. பவளநாச்சியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அவர் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டதை வெண்காடன் பார்த்தான். அந்த விரல்களைப் பார்த்த பிறகு அவனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தான். தூணைப் பிடித்துக்கொண்டான்.

"மகாராஜா, நம் தூதர்கள் வடக்கிலும் மேற்கிலும் எத்தனையோ ராஜாக்களின் சபையில் இருக்கிறார்கள். அவர்களுடைய தலைகள் எதன்மேல் நிற்கின்றன?"

"கழுத்தின்மேல்" என்றார் மாராயர்.

"இல்லை, மாராயரே. நீர் இப்போது சொன்ன அந்த வழக்கத்தின்மேல் நிற்கின்றன. நாளைக்கு ஒரு ராஜாவுக்கு நம் தூதர் சொன்ன பதில் பிடிக்கவில்லை என்று வையுங்கள். 'விசயதுங்கன் ஆள்வது ஒரு நாடே இல்லை' என்று சொன்னால் போதுமே. அங்கேயும் யானை இருக்கும்."

"என் நாடு நாடில்லை என்று சொல்ல எவனுக்குத் தைரியம் உண்டு?" என்று ராஜா கர்ஜித்தார்.

"சிறுகாயலைப் பார்த்துச் சொல்ல நமக்கு எவ்வளவு தைரியம் உண்டோ அவ்வளவு, மகாராஜா. சிறியதோ பெரியதோ, நாடு நாடுதான். தாங்கள் ஒப்புக்கொண்டாலும் அது அங்கேதான் இருக்கும். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அங்கேதான் இருக்கும்."

அந்தச் சபையில் ராஜாவின் முகத்துக்கு நேரே அப்படி யாரும் பேசியதில்லை. விசிறி போடுகிறவன் கை நின்றது.

"நல்லது, வெண்காடா" என்றார் ராஜா. குரல் தணிந்திருந்தது, அதுதான் பயம். "சிறுகாயல் ஒரு நாடென்று என் வாயாலேயே, இந்தச் சபையிலேயே சொல்ல வைத்துவிடு. அந்த அம்மாளை விட்டுவிடுகிறேன். நாளை மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு நான் கை நனைக்கும்வரை உனக்குத் தவணை. கை நனைத்துவிட்டால் அவளோடு நீயும் யானைக்காலுக்குப் போ. உன் தந்திரமும் எனக்குத் தெரியும், கேள்வி கேட்டு என் வாயைக் கிளறுவாய். ஆகவே அன்றைக்குச் சபையார் யாரும் இந்த நாட்டுப் பேச்சையே எடுக்கக் கூடாது. எடுத்தால் நாக்கு இருக்காது. நீயும்தான், அமைச்சரும்தான்."

வெண்காடன் வணங்கினான். ஆனால் அவன் மனம் வேறொன்றில் நின்றுவிட்டது. 'கை நனைக்கும்வரை' என்றாரே!

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவின் பாட்டனார் ஏற்படுத்தியது. உச்சிப்பொழுதில் வாசல் கதவைத் திறந்துவிடுவார்கள். குறை சொல்ல வந்து நிற்கும் குடிகள் அத்தனை பேரையும் கேட்டு முடித்த பிறகுதான் ராஜா சாப்பாட்டில் கை வைக்கலாம். வெளியூர்களிலெல்லாம் ராஜாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வழக்கம் அது. உள்ளே நடந்தது வேறு. மாராயர் தினமும் தமக்கு வேண்டிய நாலைந்து பேரை நிறுத்தி வைப்பார். அவர்கள் "மகாராஜா ஆட்சியில் குறை என்ன குறை!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இலை போடுவார்கள்.

வெண்காடன் நேரே மாராயரிடம் போனான்.

"ஐயா, ஒரு சந்தேகம். சிறுகாயல்காரர்கள் நம் குடிகள் என்றீர்களே, அது அவர்களுக்கே தெரியாமல் இருப்பது முறையா?"

"தலை போகப்போகிறவனுக்கு ஊர்க்கவலை எதற்கடா?"

"தலை இருக்கிறவரைக்கும் கவலைப்படலாம் இல்லையா? ஒரு முரசு அடித்து, 'நீங்கள் இன்று முதல் விசயதுங்க மகாராஜாவின் குடிகள். குறை இருந்தால் வந்து சொல்லுங்கள். கேட்காமல் மகாராஜா சாப்பிடமாட்டார்' என்று அறிவித்தால் என்ன?"

மாராயர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் மீசைக்குள் சிரிப்பு வந்தது. இந்த முட்டாள் தன் குழியைத் தானே வெட்டுகிறான்! ஒருவன் மனு கொண்டுவந்து ஒரு ராஜாவின் வாசலில் நின்றாலே அவன் அந்த ராஜாவின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டவன் ஆகிறான். இரண்டு பேர் வந்தால்கூடப் போதும், சிறுகாயல் முடிந்தது.

"உனக்கும் சில சமயம் புத்தி வேலை செய்கிறது" என்றார். அன்றைக்கே முரசு போயிற்று.

சிறைக்கூடத்துக்கு வெண்காடன் போய் இதைச் சொன்னதும் பவளநாச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"என்னய்யா காரியம் பண்ணி வச்சிருக்கீரு? எங்காளுக இங்க வந்து மனுக் கொடுத்தா, இவரை ராசான்னு ஒத்துக்கிட்டதா ஆயிடாதா?"

"ஆகும், தாயீ."

"ஆகும்னு சாவகாசமாச் சொல்றீரே! என் தலைக்காக ஊரைக் கொடுத்துட்டு வான்னு எனக்கு யாரும் சொல்லல. என் தலை போனாப் போவுது."

"தாயீ, குடிகள் வேணும்னு கேக்கறது சுலபம். வச்சுக்கறது கஷ்டம். உங்க ஊர்ல வழக்கு வம்பெல்லாம் எப்படி?"

அந்த நிலையிலும் பவளநாச்சிக்குச் சிரிப்பு வந்தது. "எங்க ஊர்லயா? சண்டை இல்லாத வீடுன்னா அது பூட்டிக் கிடக்கிற வீடுதான். அரையர் பாவம், காலையில உக்காந்தா எந்திரிக்க முடியாது. நியாயம் சொல்ல இன்னொரு ஆளு கிடைச்சாருன்னு தெரிஞ்சா, கூப்பிடவே வேணாம்."

"பின்னே என்ன?"

"அவரு தாங்கிட்டாருன்னா?" என்றார் பவளநாச்சி, மெதுவாக.

அதே கேள்வி வெண்காடனுக்கும் இருந்தது. "அவர் சாப்பிடறதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கேன், தாயீ" என்றான். "தாங்கமாட்டார்."

குறித்த நாள் வந்தது. உச்சிப்பொழுதில் கதவைத் திறந்த காவலன் உள்ளே ஓடிவந்தான். "மகாராஜா, வாசலிலிருந்து கோட்டைப் பாலம் வரைக்கும் ஆள் நிற்கிறது. பாலத்துக்கு அந்தப்பக்கமும் தலைதான் தெரிகிறது."

"எல்லாரும் யார்?"

"மகாராஜாவின் புதிய குடிகளாம்."

மாராயருக்கு வாயெல்லாம் பல். ராஜாவும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வரச் சொல்" என்றார். ஒரு பக்கம் பவளநாச்சி சங்கிலியோடு நின்றார். இன்னொரு பக்கம் வெண்காடன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

முதலில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி இடுப்பில் வாத்து.

"ராசா, இவ வாத்து எங்க வேலிக்குள்ள வந்து முட்டை போடுது. முட்டை யாருக்கு?"

"ஆளுக்குப் பாதி" என்றார் ராஜா, பெருமிதமாக.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை எதிரிகளாக இருந்தவர்கள் ஒன்றாகிவிட்டார்கள். "அதெப்படி ராசா? எங்க பக்கம் வேலி யாருதோ முட்டை அவங்களுது, குஞ்சு பொரிச்சா வாத்துக்காரிக்கு. பாதி முட்டைன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

அடுத்தவன் ஒரு படகுக்காரன். வலையிலிருந்து துள்ளிய மீன் பக்கத்துப் படகில் விழுந்தது. யாருடைய மீன்? வலைக்காரன் மீன் என்றார் ராஜா. பின்னால் நின்ற வரிசை முழுவதும் கொல்லென்று சிரித்தது. துள்ளின மீனைக் கடலம்மாவே கொடுத்ததாக வைத்து, விழுந்த படகில் இருக்கிற வயசில் சின்னவனுக்குக் கொடுப்பது அங்கே காலகாலமான வழக்கமாம். ராஜா தீர்ப்பை மாற்றினார். மாற்றினதும், முதலில் சொன்னதே சரி என்று வாதாட ஓர் அண்ணன் தம்பி கிளம்பினார்கள்.

சமையல்கட்டிலிருந்து மிளகுக்குழம்பு கொதிக்கிற வாசனை சபைக்குள் வந்தது. கூடவே வாழைப்பூ வடை வாசனை. ராஜா வாசனை வந்த பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "அடுத்தது" என்றார்.

அடுத்து வந்த மச்சான் மாப்பிள்ளை இருவருக்கும் வழக்கு ஒரு மணல்திட்டைப் பற்றியது. மழைக்கு முன்னால் அது மச்சான் துறையில் இருந்ததாம். மழைக்குப் பிறகு மாப்பிள்ளை துறைக்கு வந்துவிட்டதாம்.

"மணல்திட்டு எப்படி அய்யா நடந்து வரும்?" என்றார் ராஜா.

"நடக்கும் சாமி. நீங்க பாத்ததில்லையா?"

"இல்லை."

"அப்ப வந்து பாருங்க. இப்பவே கிளம்பினா கடல் ஏறுற நீரேத்தத்துக்கு முந்திப் போயிடலாம்."

"சாப்பிடாமலா?" என்றார் ராஜா. குரல் உடைந்திருந்தது. "நான் கண்ணால் காணாத மண். அது இருப்பதும் நகர்வதும் எனக்கு எப்படித் தெரியும்? அது உங்கள் மண் அய்யா! உங்கள் மண்ணை நீங்கள் அளந்துகொள்ளுங்கள், என்னை ஏன் பிடுங்குகிறீர்கள்?"

மாராயர் பாதி எழுந்தார். வாயைத் திறந்தார். நாக்கு ஞாபகம் வந்தது. உட்கார்ந்தார்.

வெண்காடன் ஒரு விரலை மடக்கிக்கொண்டான். பவளநாச்சி அவனைப் பார்க்கவில்லை, ஆனால் அவர் சங்கிலி லேசாகக் குலுங்கிற்று.

ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். குழம்பில் யார் உப்புப் போட்டது என்பதில் தொடங்கி, கல்யாணத்தில் வைக்காத சீருக்குப் போய், செத்துப்போன மாமனார் குணம் வரைக்கும் வந்துவிட்டார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, தூணுக்கு இந்தப்பக்கம் மாமியார், அந்தப்பக்கம் மருமகள் என்று நின்றுகொண்டார்கள். ராஜா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"மகாராஜா" என்று மாராயர் குனிந்தார். "சற்றுக் கவனமாக... வார்த்தைகளில்..."

"நீர் சும்மா இரும்! உம்முடைய முரசால் வந்த வினை இது!" ராஜா கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "இதற்கு முன்னால் இதையெல்லாம் யார் ஐயா கேட்டுக்கொண்டிருந்தார்?"

"எங்க அரையருதான்."

"அவர் எப்போது சாப்பிடுவார்?"

"கேட்டுக்கிட்டே சாப்பிடுவாரு. வலையும் பின்னுவாரு."

"மகா புருஷர்!" என்றார் ராஜா மனமாரவே. "அவர் குடிகளை அவரிடமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். உங்கள் ராஜா அவர்தான், நானில்லை! போங்கள், போய் உங்கள் ராஜாவிடமே சொல்லுங்கள்!"

சபையில் யாரும் அசையவில்லை. ராஜா அதைக் கவனிக்கவில்லை. அவர் எழுந்துவிட்டார், ஒரு காலைப் படியிலும் வைத்துவிட்டார். அப்போது ஓர் ஒல்லியான மனிதர் முன்னால் வந்து கும்பிட்டார்.

"சாமி, நான் சொல்றதை அரையர் தீர்க்க முடியாது. உங்க ஊர்க்காரங்க எருமை எல்லை ஓடையைத் தாண்டி வந்து, எங்க மீன் காயப்போடுற களத்தை மிதிக்குது. எருமை உங்களுது, களம் எங்களுது. இதுக்கு யாருகிட்ட போறது?"

எருமை உண்மையிலேயே தம்முடையதுதான் என்பதால் ராஜாவால் தட்டிக்கழிக்க முடியவில்லை. "நியாயமான கேள்வி" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "அதற்கு நீங்கள் இத்தனை பேர் வரவேண்டாம். உங்கள் ராஜாவை ஒரு ஆளை அனுப்பச் சொல்லுங்கள். அவர் பேரில் பேசத் தகுந்த ஆளாக ஒரே ஒரு ஆள். நானும் அவரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்கிறோம். இப்போது எனக்குத் தண்ணீர் கொண்டுவாருங்கள், கை நனைக்க வேண்டும்!"

"மகாராஜா" என்றான் வெண்காடன்.

அன்று அவன் பேசிய முதல் வார்த்தை அது.

"நாக்கை அறுக்காமல் இருந்தால் ஒன்று சொல்லலாமா? தாங்கள் இப்போது கேட்ட ஆளை அவர்கள் முந்தாநாளே அனுப்பிவிட்டார்கள். அதோ, சங்கிலியில் நிற்கிறார்."

ராஜா திரும்பிப் பார்த்தார்.

"அந்த மண் அவர்களுடையது என்றீர்கள். இந்தக் குடிகள் அரையருடையவர்கள் என்றீர்கள். அவர்தான் ராஜா என்றீர்கள். அவர் பேரில் பேச ஆள் வந்தால் சமமாக உட்கார்ந்து பேசுவேன் என்றீர்கள். மாராயர் கேட்டதும் இந்த நான்கைத்தான். நான் வாயைத் திறக்கவில்லை, தாங்கள் சொன்னீர்கள். இன்னும் கை நனையவில்லை. இதற்குப் பிறகும் யானையைக் கூப்பிடுவது என்றால் கூப்பிடுங்கள், முன்னால் நான் படுக்கிறேன். ஆனால் ஒரு நாட்டின் தூதரைக் கொன்றோம் என்றுதான் பேர் வரும். குடிமகள் என்று இனி மாராயரே சொல்ல முடியாது."

ராஜாவின் முகம் சிவந்தது. கை வாள்மேல் போயிற்று. வெண்காடன் கண்ணைத் தாழ்த்தவில்லை. அந்த நேரம் பார்த்து, சபை முழுவதும் கேட்கும்படி, ராஜாவின் வயிறு கடாமுடா என்று உருண்டது.

வாத்துக்காரப் பெண் களுக்கென்று சிரித்தாள். ராஜா தம் வயிற்றைக் குனிந்து பார்த்தார். கை வாளிலிருந்து இறங்கியது. "சங்கிலியைக் கழற்றுங்கள்" என்றார். "தூதருக்கு ஆசனம் போடுங்கள். தாம்பூலம் கொடுங்கள்."

பவளநாச்சி உட்கார்ந்தார். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

"அம்மா, அந்த முகத்துவாரம்..." என்று ராஜா இழுத்தார்.

"முடியாதுங்க" என்றார் பவளநாச்சி. "கடலைப் பாக்கணும்னா வாங்க. யாரும் தடுக்கமாட்டாங்க. விருந்தாளியா வந்து எம்புட்டு நேரம் வேணாலும் பாத்துட்டுப் போங்க. சொந்தம் மட்டும் கொண்டாடக் கூடாது."

ராஜா கொஞ்சம் யோசித்தார். "சரி. வருகையைப் பற்றியும் எருமையைப் பற்றியும் பேசி முடிக்க நம் பக்கத்திலிருந்து ஒரு தூதர் போகவேண்டும். மாராயரே, நீர் புறப்படும்."

மாராயருக்கு வியர்த்துவிட்டது. "மகாராஜா, நானா? அந்த ஊரில் இவ்வளவு பேச்சுக்குப் பிறகு... அங்கே என் தலைக்கு என்ன பாதுகாப்பு?"

"இங்க எனக்கு என்ன இருந்துச்சோ அதே பாதுகாப்புதான், ஐயா" என்றார் பவளநாச்சி.

மாராயர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "பயப்படாதீங்க" என்று பவளநாச்சியே சமாதானம் சொன்னார். "எங்க ஊர்ல யானை கிடையாது. வெறும் மாமியாருங்கதான்."

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். பசியில் தொடங்கிய சிரிப்பு நிற்கமாட்டேன் என்றது. கண்ணில் நீர் வந்து, கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்து, விசிறிக்காரன் முதுகைத் தடவிக் கொடுக்கும்படி ஆயிற்று. தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து வெண்காடனுக்குப் போர்த்தினார். கையிலிருந்த கங்கணத்தையும் கழற்றிப் போட்டார். "வா, என் பக்கத்தில் இலை போட்டு உட்கார்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

இலை விழுந்தது. சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. ராஜா கை நனைத்து, முதல் கவளத்தை உருட்டி வாய்க்குக் கொண்டுபோகும்போது வெளியே இரைச்சல் கேட்டது. காவலன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"மகாராஜா, பாலத்துக்கு அந்தப்பக்கம் இன்னும் கொஞ்சம் பேர் நிற்கிறார்கள்."

ராஜாவின் கை நடுவழியில் நின்றது. அவர் வெண்காடனைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்த நாட்டுக்காரர்களாம்?"

"சிறுகாயல், மகாராஜா."

"அப்பாடா!" என்றார் ராஜா. கவளம் உள்ளே போயிற்று.